எதை முதலில் எடுக்க?

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்து நாலு. சிரிக்க வேண்டாம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கடையில் இது ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

குருவின் பெயர் ஜெனோவா. ஓடாமல் போன கம்ப்யூட்டர்களுக்குள் இருப்பதை வெளியே எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். சீடர் மாசிலாமணி, விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு வந்து, எனக்கும் கற்றுக்கொடு என்று நின்றவர். ஜெனோவாவிடம் ஒரு கஷ்டம் உண்டு. கேள்வி கேட்டால் விடை வராது, வேறு ஏதாவது வரும்.

சேர்ந்த புதிதில் அவர் கேட்டார். "இந்தத் தொழில்ல முதல்ல கத்துக்க வேண்டியது என்ன மேடம்?"

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினாள். பல நாள் அது உள்ளேயே கிடந்தது. அத்தனை நாளும் மாசிலாமணி வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. டக் டக் என்று சத்தம் போடும் டிஸ்க் எந்த நேரமும் உயிரை விடும். அதனால் அதை ஓடவிடுவதற்கு முன், அந்த வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டவர்களை ஒருவர் விடாமல் கேட்க வேண்டும்: எதை முதலில் எடுக்க? எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் ஜெனோவா ஒயரைச் செருகுவாள். கல்யாண ஆல்பத்தை விட்டுவிட்டு மீன்குழம்புப் பக்குவத்தைக் கேட்ட ஒரு அம்மாளை நினைத்து மாசிலாமணி அன்று முழுக்கச் சிரித்தார்.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் சாப்பிடாமல் திரும்பி வந்தார். ஆட்டோவிலிருந்து கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினார். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"கறுப்பா நிக்குது மேடம். உள்ள டக் டக்குனு சத்தம்."

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"ஒன்பது வருஷம் இருக்கு."

ஒன்பது வருஷம் என்றால் குறுக்கெழுத்துப் புதிர்கள். மாசிலாமணிக்கு அதுதான் பைத்தியம். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் தட்டுக்குப் பக்கத்தில் கட்டம் போடுவார். ஒன்றைக்கூட எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பியதில்லை, மொத்தமாகப் புத்தகமாகத்தான் வர வேண்டும் என்று பிடிவாதம். இப்போதுதான் மதுரையில் ஒரு பதிப்பகம் சரி என்று சொல்லி, இந்த மாதத்துக்குள் கொடுங்கள் என்று கேட்டிருந்தது. காப்பி எடுத்து வைத்திருந்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர் தன் வீட்டில் செய்யவில்லை.

ஜெனோவா டிஸ்க்கைக் கழற்றினாள். மேஜையில் இருந்த வேறொரு கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒயரைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"செருகுங்க மேடம். புதிர்தான் முதல்ல, வேற என்ன?"

"அண்ணியக் கேட்டீங்களா?"

"அவளுக்கு அதுல என்ன இருக்கப் போகுது?"

ஜெனோவா ஒயரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மாசிலாமணிக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். போனை எடுத்து மனைவி தமயந்தியைக் கூப்பிட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டது. "கம்ப்யூட்டர எங்கங்க? பக்கத்து வீட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள காணோம். திருடன் வந்தானோன்னு நான் பதறிப் போயிட்டேன்."

"ரிப்பேரு. கடைக்குக் கொண்டாந்துட்டேன். உன்னுது ஏதாச்சும் உள்ள இருக்கா?"

"இருக்காவா? என் ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான் இருக்கு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள யுனிவர்சிட்டிக்கு ஏத்தணும்."

"என்ன ப்ராஜெக்ட்?"

"பி.ஏ. பொருளாதாரம். கடைசி வருஷம். பூ மார்க்கெட்டப் பத்தி எழுதியிருக்கேன்."

மாசிலாமணிக்குக் காது அடைத்துக்கொண்டது. "நீ படிக்கிறியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சேர்ந்த அன்னைக்கே சொன்னேன். நீங்க கட்டம் போட்டுக்கிட்டே 'ம்' சொன்னீங்க."

"அப்ப காலையில காலையில பூ வாங்கப் போனது..."

"பூவும் வாங்கினேன். அஞ்சு மணிங்க. இன்னைக்கு ஏத்தலேன்னா அடுத்த வருஷம்தான். நான் ஆட்டோ பிடிச்சு வர்றேன்."

போன் வைக்கப்பட்டது. மாசிலாமணி ஜெனோவாவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை தாண்டியிருந்தது.

"ரெண்டும் வந்துருமா மேடம்?"

ஜெனோவா டிஸ்க்கை அவர் காதருகே கொண்டு வந்து ஒயரைச் செருகினாள். டக், டக், டக். அதன் பிறகு சத்தம் மெல்ல அடங்கி, திரையில் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. 'கேள்வி' என்று ஒன்று, 'விடை' என்று ஒன்று. கேள்வியைப் பார்க்கிறவர்கள் விடையை எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று அவர்தான் பிரித்து வைத்திருந்தார். கடைசியில் 'தமயந்தி' என்று ஒன்று இருந்தது. இத்தனை நாளாக அதே திரையில்தான் இருந்திருக்கிறது.

மாசிலாமணி ஜெனோவா பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க மேடம். எதை முதல்ல எடுக்க?"

ஜெனோவா கீபோர்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

டிஸ்க் மறுபடியும் டக் என்றது. ஒன்பது வருஷம் கண் முன்னால் நின்றது. புத்தகத்தின் அட்டைகூட மனசுக்குள் அச்சாகியிருந்தது. விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை. அதே நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பெருமையும் கிளம்பி வந்தது. என் பெண்டாட்டி பி.ஏ. படிக்கிறாள், அதுவும் கடைசி வருஷம்.

'தமயந்தி'யை அழுத்தினார்.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பூக்கூடைகளின் படங்கள், பூக்காரர்களின் பேச்சுப் பதிவுகள், நூறு பக்க அறிக்கை. பாதியில் கோடு நின்றது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். டிஸ்க் முனகியது, உறுமியது, பிறகு கோடு மறுபடி நகர்ந்தது. "போயிரு ராசா, போயிரு" என்று மாசிலாமணி டிஸ்க்கைக் கெஞ்சினார். ஜெனோவாவே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், அதை அவர் முதன்முறையாகப் பார்த்தார்.

கோடு கடைசிவரை போய்ச் சேர்ந்தபோது தமயந்தி மாடிப்படி ஏறி வந்தாள்.

"இருக்கா?"

"இருக்கு, மொத்தமும் இருக்கு" என்றார் மாசிலாமணி. கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை. தமயந்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஜெனோவா ஃபோல்டரை அந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்ததும் தமயந்தி யுனிவர்சிட்டிக்கு ஏற்ற ஆரம்பித்தாள்.

இப்போது அவர் 'கேள்வி'யை அழுத்தினார். கோடு நத்தை மாதிரி ஊர்ந்தாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. 'விடை'யை அழுத்தினார்.

டக், டக், டக், டக். அவ்வளவுதான். திரை உறைந்தது. ஜெனோவா ஒயரைப் பிடுங்கி, ஆறவிட்டு, திரும்பச் செருகினாள். சத்தமே இல்லை. இன்னொரு முறை செருகினாள். டிஸ்க்கை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மாசிலாமணி எடுத்த கேள்விகளில் ஒன்றைத் திறந்தார். வெறும் கட்டமும் குறிப்புகளும்தான் இருந்தன. எட்டு வருஷத்துக்கு முன்னால் போட்டது. இடமிருந்து வலம், ஒன்று: உடைத்தால்தான் பயன், நாலு எழுத்து. யோசித்தார். தான் போட்ட புதிருக்குத் தனக்கே விடை தெரியவில்லை.

"கேள்வி எல்லாம் வந்துருச்சு மேடம். விடை ஒண்ணுகூட வரல. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

ஜெனோவா வழக்கம்போல் விடை சொல்லவில்லை. குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, உடைச்சாத்தான் பயன். நாலு எழுத்து."

தமயந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய கோடு முடிவைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தேங்காய்" என்றாள்.

மாசிலாமணி கட்டங்களை எண்ணிப் பார்த்தார். தே, ங், கா, ய். சரியாக உட்கார்ந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். புதிதாக யாரையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

ஜெனோவா கேள்விகளை ஒரு சின்ன பென் டிரைவில் போட்டு அவர் கையில் வைத்தாள்.

"ஒண்ணு மீண்டுருச்சுண்ணே. மிச்சத்த வீட்ல போய் எடுங்க."