மூன்றாம் அறைக்கு வந்த கேள்வி

ஓர் ஊரில் ஒரு கேள்வி இருந்தது. ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்பது அதன் பெயர். நல்ல கேள்வி. யார் வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றாமல் நுழையும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குக் கூடப்பிறந்த பதில் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘ஏதோ இருக்கேன்.’ கேள்வி ஒரு வாயிலிருந்து கிளம்பினால் பதில் எதிர்வாயிலிருந்து வந்து நிற்கும். இரண்டும் தலையாட்டிக்கொண்டு தத்தம் வழியே போய்விடும். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்கிற பழக்கம்தான். ஆனாலும் அதில் கொஞ்சம் ஈரம் இருந்தது.

ஊர்க் கடைசியில் ஒரு தர்ம இல்லம். பிள்ளையில்லாத அரிசி வியாபாரி ஒருவர் புண்ணியத்துக்குக் கட்டிவைத்தது. வரிசையாக ஆறு அறைகள். கேட்பாரற்ற கிழடுகட்டைகள் அங்கே வாடகையில்லாமல் இருக்கலாம். சாகும்வரை இருக்கலாம். தர்மத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் போனால்தான் இன்னொருவர் வரமுடியும், அதுதான் சங்கடம்.

சொர்ணத்தாய் அங்கே ஓர் அறை கேட்டு மனுவோடு போனாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்ந்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அண்ணன் மகனுடைய ஆட்டுக்கொட்டகையில் ஒரு தட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையின் மண்சுவர் வயிறு புடைத்து நின்றது.

“ஐப்பசி மழைக்கு இது தாங்காது அத்தை. வேற எடம் பாத்துக்க. விழுந்தா உன்னைத் தோண்டி எடுக்க என்னால ஆகாது” என்று அவன் சொல்லிவிட்டான். கொடுமைக்காரன் இல்லை. அவனே பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒற்றை அறையில் முட்டிக்கொண்டு கிடந்தான்.

இல்லத்து மேனேஜர் மனுவை வாங்கிக்கொண்டார். “அடுத்த ஆளு நீங்கதான்ம்மா. ஆனா இப்ப ரூம் காலி இல்லை. அப்பப்ப வந்து பாத்துக்கங்க.”

“வந்து யாரைய்யா பாக்க? உங்களையா?”

மேனேஜர் மூன்றாம் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

மூன்றாம் அறையிலிருந்து இருமல் கேட்டது. அங்கே முத்திருளாண்டி கிடந்தார். நெல்மூட்டை தூக்கியே முதுகு வளைந்தவர். இப்போது நெஞ்சில் சளி கட்டி, எழுந்து உட்காரவும் முடியாதவர்.

சொர்ணத்தாய்க்குப் புரியவில்லை என்று நான் சொல்லமாட்டேன். புரிந்தது. இருந்தாலும் மறுநாள் அவள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனபோது, கேள்வியைச் சுத்தமான மனசோடுதான் கூட்டிப்போனாள்.

“உடம்பு எப்படி இருக்குண்ணே?”

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை அப்படிக் கேட்க ஆளில்லாமல் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. “ஏதோ இருக்கேன் தாயி” என்று பதில் துள்ளிக்கொண்டு வந்தது. கேள்விக்கும் சந்தோஷம். திரும்பும் வழியெல்லாம் சொர்ணத்தாயின் நாக்கில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே வந்தது.

புரட்டாசி கழிந்தது. மேற்கே மேகம் கூடக் கூட அவள் அடிக்கடி வரத் தொடங்கினாள். ஒரு நாள் மூன்றாம் அறையின் கதவு அவளைக் கண்டதும் கிறீச்சிட்டது.

“வந்துட்டாப்பா, கழுகுக்கு மூக்குல வேர்த்த மாதிரி.”

கேள்விக்குச் சுருக்கென்றது. “என்ன பேச்சு பேசுறே? கஞ்சி கொண்டு வந்திருக்கா, தெரியலையா?”

“கஞ்சி கையில இருக்கு. கண்ணு எங்க இருக்குன்னு பாரு.”

கேள்வி பார்த்தது. வாய் கிழவரை விசாரித்துக்கொண்டிருந்தது. கண் கூரையில் ஓடு உடைந்த இடத்தில் இருந்தது. அங்கிருந்து இறங்கி, ஒரு தகரப்பெட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று மூலை மூலையாக அளந்தது.

முத்திருளாண்டியைச் சுமந்துகொண்டிருந்த கயிற்றுக்கட்டில் அதுவரை வாய் திறந்ததில்லை. இப்போது மெல்லக் கேட்டது. “கேள்வியம்மா, நீ யாரைக் கேக்குறே? அவரையா, என்னையா?”

கேள்வி திணறிப்போனது. “நான் அதே கேள்விதான். ஓர் எழுத்துகூட மாறலை.”

“மாறலைதான். ஆனா முன்னெல்லாம் ‘இருக்கேன்’னு அவர் சொன்னா நீ சிரிச்சே. இப்ப சொன்னா உனக்கு முகம் வாடுது.”

கேள்வி சொர்ணத்தாயின் நாக்குக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

கிழவருக்கு நெஞ்சில்தான் சளி, புத்தியில் இல்லை. அவரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

முதல் மழை பெய்த அன்று கொட்டகைச் சுவரில் ஒரு பாளம் பெயர்ந்து அவள் தலைமாட்டில் விழுந்தது. சொர்ணத்தாய் நனைந்த சேலையோடு நேரே மூன்றாம் அறைக்கு வந்தாள். அன்றைக்குக் கஞ்சிகூட இல்லை. கேள்வியைத்தான் முன்னால் தள்ளினாள்.

“உடம்பு எப்படி இருக்குண்ணே?”

பதில் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது அதன் பழைய துணையான ‘ஏதோ’ கூட வரவில்லை. வேறொரு சொல் அதன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

“இன்னும் இருக்கேன் தாயி” என்றார் முத்திருளாண்டி. “கோவிச்சுக்காதே. மழைக்கு முந்தியே போயிரலாம்னுதான் பாத்தேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “கெழக்கு மூலை ஒழுகாது. பெட்டிய அங்க வச்சுக்க” என்றார்.

சொர்ணத்தாய் மழையில் ஓடினாள். “என் வாய் புழுத்துப் போக” என்று வழியெல்லாம் வாயில் அடித்துக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தலைக்குமேல் சுவர் சரிகிறவள் வேறு எந்தப் பக்கம் பார்ப்பாள்? இரண்டு ஏழைகளை ஒரே கட்டிலுக்கு எதிரெதிரே நிற்கவைத்த அந்தப் புண்ணியத்தைத்தான் திட்டவேண்டும்.

“இனிமே உன்னைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கமே போகமாட்டேன்” என்று அவள் கேள்வியிடம் சொன்னாள்.

“என்னை விட்டுட்டாவது போயேன். கஞ்சியை மட்டும் வச்சுட்டு வா.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?”

அவள் போகவில்லை. போகாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தாள். கஞ்சியும் நின்றது, விசாரிப்பும் நின்றது. இடையில் மண்சுவர் மொத்தமாக உட்கார்ந்துவிட, ஆடுகளை அண்ணன் மகன் வேறிடத்தில் கட்டினான். அவள் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சுக்குப் போனாள். சாரல் அங்கேயும் வந்தது.

ஒரு நாள் மேனேஜர் ஆளனுப்பினார். “ரூம் காலி. வரச் சொல்லு.”

தகரப்பெட்டியோடு வந்தாள். பெட்டி தானாகவே போனதுபோல் கிழக்கு மூலைக்குப் போயிற்று. கட்டிலின் கயிறு இன்னும் அவர் படுத்த பள்ளத்தோடு தொங்கியது.

கேள்வி தயங்கித் தயங்கிக் கட்டிலிடம் கேட்டது. “கடைசியில ஏதாச்சும் சொன்னாரா?”

“வாசலையே பாத்துக்கிட்டு இருந்தார்” என்றது கட்டில். “அப்புறம் உன்னைத்தான் சொன்னார்.”

“என்னையா?”

“ஆமா. ‘அந்தத் தாயி வரக்காணோமே. மழையில கெடந்து அதுக்கு உடம்பு எப்படி இருக்கோ’ன்னார்.”

கதவுகூட அன்று சத்தம் போடவில்லை. தான் அழுக்காகிவிட்டோம் என்று ஒடுங்கிக் கிடந்த கேள்வி, சாகக் கிடந்தவர் வாயில் தான் சுத்தமாக இருந்திருப்பதை நினைத்து நினைத்து அழுதது. அன்று சொர்ணத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

பஸ் நிறுத்தத்துச் சாரல் அவள் நெஞ்சிலும் சளியாகத் தங்கிவிட்டிருந்தது. தை பிறந்தும் இருமல் விடவில்லை. படுத்தே கிடந்தாள்.

அப்படிக் கிடந்தபோது ஒரு நாள் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். மனுக் கொடுத்துவிட்டு அப்படியே வந்தவர். நரைத்த தாடி, கிழிந்த சட்டை, கையில் இரண்டு வாழைப்பழம். மேனேஜர் அவரிடமும் அப்பப்ப வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்.

“உடம்பு எப்படி இருக்கு ஆத்தா?” என்று அவர் அன்பாகத்தான் கேட்டார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு தன்னை ஒருவர் கேட்டதில் அவளுக்குக் கண் நிறைந்தது. ‘ஏதோ இருக்கேன்’ நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கண் கூரையில் ஓடு உடைந்த இடத்தில் இருந்தது.

பதில் ஒரு நிமிஷம் நின்று, துணையை மாற்றிக்கொண்டது.

“இன்னும் இருக்கேன்ப்பா” என்றாள் சொர்ணத்தாய்.