பாப்கார்ன் சொன்ன சாட்சி

மந்திரவாதிகளோடு ஆறு தலை நாகம் மோதும் மாயாஜாலப் படத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று தீர்மானிக்க, தாளாளர் தாண்டவமூர்த்தி முதலில் முப்பது பிள்ளைகளோடு தியேட்டருக்கு வந்தார். படம் முடிந்ததும் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"பிள்ளைங்க நடுங்கிட்டாங்க. மத்தவங்களுக்கு இந்தப் படம் கிடையாது."

"பிள்ளைங்க நடுங்கலீங்களே ஐயா" என்றாள் தியேட்டரைப் பெருக்கும் அஞ்சலை.

"உனக்கு இருட்டுல கண்ணு தெரியுமோ? எங்கே, நிரூபி பார்ப்போம்!"

அஞ்சலை டார்ச்சை அடித்தாள். "தினம் பெருக்குற தரைங்க. திடுக்கிட்டவங்க காலடியிலதான் பாப்கார்ன் கொட்டிக் கிடக்கும்."

பிள்ளைகளின் வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. தாளாளரின் இருக்கைக்கடியில் டப்பாவே கவிழ்ந்து கிடந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, எல்லாரும் வந்து பார்க்கட்டும்" என்றவர், அஞ்சலையிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, அந்த நாகம் கடைசியில செத்துச்சா?"