பட்டியலில் இருந்த ஐந்து ஊர்கள்

கதவைத் திறப்பதற்கு முன்பே இரைச்சல் கேட்டுவிடும். உள்ளே ஓடும் சர்வர் கணினிகளின் விசிறிச் சத்தம். ஐந்து சர்வர் இருந்த காலத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். இப்போது மூன்றுதான். சாதாரணக் குரலே போதும். சூசைமாணிக்கத்துக்கு அது பிடிக்கவில்லை.

அந்தக் கட்டடத்துக்கு ஜெனரேட்டர் ஓட்ட வந்தவர் அவர். நாற்பது தாண்டிய பிறகு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான தில்ஷாத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கக் கற்றுக்கொண்டார். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். முதலில் அது கேலிதான். கேலி தேய்ந்துபோய்ப் பேர் மட்டும் நின்றுவிட்டது.

மாவட்ட ஆஸ்பத்திரிகள் ரத்தம் கேட்டு அனுப்பும் செய்திகள் அங்கே வந்து வரிசையில் நிற்கும். அங்கிருந்து ரத்த வங்கிகளுக்குப் போகும். ஒரு செய்தி வந்தால் வரிசையின் பட்டியலில் உள்ள எல்லாச் சர்வரும் அதை எழுதிக்கொள்ளும். பாதிக்கு மேல் ‘எழுதிக்கொண்டேன்’ என்றால்தான் வரிசை அதை ஏற்கும். ஒன்று படுத்தாலும் செய்தி தொலையக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

சர்வர்களுக்குப் பேர் வைத்தது அங்கே வேலை பார்த்த ஐந்து பேர். ஆளுக்கு ஒன்று, அவரவர் ஊர்ப் பேர். சூசைமாணிக்கத்துக்கு ஏரல், தில்ஷாத்துக்கு மேலப்பாளையம், சௌந்தரவல்லிக்குக் கம்பம், கோவர்தனனுக்கு முசிறி, பிலவேந்திரனுக்கு வந்தவாசி. ‘முசிறி படுத்துடுச்சு’ என்று யாராவது சொன்னால், கோவர்தனன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல், ‘நான் நல்லாத்தான்யா இருக்கேன்’ என்பார். ‘வந்தவாசி பின்தங்குது’ என்றால், பஸ் கிடைக்கவில்லை என்பார் பிலவேந்திரன். எத்தனையோ வருஷம் அதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள்.

பிலவேந்திரன் மகனோடு கனடாவுக்குப் போனார். கோவர்தனன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த இரண்டு சர்வர்களும் பழசாகி, பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறின. பட்டியலிலிருந்தும் அவற்றை எடுத்துவிடச் சொல்லியிருந்தாள் தில்ஷாத். ஆச்சு என்று சொல்லியிருந்தார் சூசைமாணிக்கம். ஆகவில்லை. பேர்தானே, ஒரு ஓரமாகக் கிடக்கட்டும் என்று நினைத்தார்.

அன்று பகல் மூன்று மணிக்கு, புது மென்பொருள் ஏற்றுவதற்காகக் கம்பத்தை நிறுத்தினார். மூன்றில் ஒன்று போனால் இரண்டு. பாதிக்கு மேல்தான். பயமில்லை என்று நினைத்தார்.

வரிசை நின்றுவிட்டது.

ஏழாவது நிமிஷம் போன் அடித்தது. கடலோர ஆஸ்பத்திரி ஒன்றின் நர்ஸ். பிரசவ கேஸ், ஓ நெகட்டிவ், மூன்று தடவை அனுப்பியும் பதில் இல்லை என்றாள். தில்ஷாத் விவரத்தைக் கையில் எழுதிக்கொண்டு, தானே ரத்த வங்கிக்குப் போன் போட்டாள். ஏன் நின்றது என்று புரியாவிட்டாலும், செய்யாமல் விட்ட வேலை நினைவுக்கு வந்து, சூசைமாணிக்கம் முசிறி, வந்தவாசி இரண்டையும் அவசரமாகப் பட்டியலிலிருந்து எடுக்கப் பார்த்தார். திரை மறுத்தது. ஆளை நீக்கவும் பாதிக்கு மேல் சம்மதம் வேண்டும்.

“மொதல்ல கம்பத்த எழுப்புங்கண்ணே,” என்றாள், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

கம்பம் எழுந்தது. வரிசை நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நர்ஸே கூப்பிட்டு, ரத்தம் வந்துவிட்டது, ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவர் தில்ஷாத்தின் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு உயிரோட இருந்துச்சே டீச்சர். ஏன் நின்னுச்சு?”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் டீக்கடைக்குப் பேசப் போனை எடுத்தாள்.

“டீ சொல்லலாமாண்ணே? நம்ம ஆளுங்கள்ல பாதிக்கு மேல சரின்னாத்தான் சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

“ஏரல் சரி. மேலப்பாளையமும் சரி. கம்பம்?”

சௌந்தரவல்லி மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

“வந்தவாசி?”

அவர் அவளைப் பார்த்தார்.

“முசிறி?”

விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“அஞ்சுக்கு ரெண்டு. டீ கெடையாது.” போனை வைத்துவிட்டாள்.

“அவங்கதான் இல்லியே டீச்சர்.”

“பட்டியல்ல இருக்காங்களே. ஆச்சுன்னு சொன்னீங்க.”

அவர் பாதி முழுங்கிப் பாதி சொன்னார். அந்தப் பேர்களை எடுக்க மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறார். அந்த வேலைக்கான கட்டளையே ‘மற’ என்றுதான் தொடங்குகிறது. மற என்று அடித்து, பக்கத்தில் முசிறி என்று அடித்தால், அதற்கு மேல் விரல் போகவில்லை.

“நீக்குன்னு வெச்சிருந்தா அன்னைக்கே அடிச்சிருப்பேன்.”

தில்ஷாத் சிரிக்கவில்லை. விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

“அடிங்க. முசிறி வரைக்கும் போதும்.”

அடித்தார். வரியின் கடைசியில் கோடு மின்னி மின்னி நின்றது.

“இத யார்கிட்ட சொல்றீங்கண்ணே?”

அவர் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“சர்வருங்ககிட்ட.”

“உங்ககிட்ட இல்லியே.”

சூசைமாணிக்கம் விசையை அழுத்தினார். வந்தவாசியையும் அடித்து அழுத்தினார். பட்டியலில் மூன்று ஊர்ப் பேர்கள் நின்றன. அதைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, கம்பத்தை மறுபடி நிறுத்தி, பாதியில் விட்ட மென்பொருளை ஏற்றத் தொடங்கினார்.