பாறையில் இல்லாத முடிச்சு

பறவைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கூடு பின்னத் தெரிந்தது தூக்கணாங்குருவி ஒன்றுக்குத்தான். விடிந்தால் போதும், யாராவது வந்து நிற்பார்கள். ஓலையை நாராக எப்படிக் கிழிப்பது, வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று அதே கேள்விகள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோன குருவி, ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து, ஆற்றோரப் பாறையில் எல்லாவற்றையும் அலகால் கீறி வைத்தது. "இனிமேல் அதைப் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டது.

மழைக்கு முன்னால் ஆட்காட்டிப் பறவை வந்தது. அதற்கு முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. குருவியின் கூடு தொங்கிய பனைமரத்தடியில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அண்ணே, முதல் முடிச்சை எப்படிப் போடணும்?"

மரத்தில் மைனாக்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. குருவிக்கு எரிச்சல் வந்தது.

"பாறையில இருக்கறதைப் படிச்சியா?"

"படிச்சேன் அண்ணே. ஆனா அதுல..."

"படிச்சிருந்தா இதைக் கேக்க மாட்டே. முடிச்சுகூடப் போடத் தெரியாதவளுக்குக் கூடு எதுக்கு?"

மைனாக்கள் சிரித்தன. ஆட்காட்டி தலை குனிந்தபடி நடந்தே போய்விட்டது.

பிறகு பெருமழை. கீறியதெல்லாம் அழிந்திருக்குமோ என்று பார்க்கப் போனது தூக்கணாங்குருவி. எல்லாம் அப்படியே இருந்தது. 'முதல் முடிச்சைப் போட்டபின்' என்றுதான் முதல் வரியே தொடங்கியது. அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று மட்டும் எங்கேயும் இல்லை. அதுகூடவா தெரியாமல் இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தது. ஆட்காட்டி படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது.

குருவி அதைத் தேடிக்கொண்டு பறந்தது. வெட்டவெளியில், சரளைக் கற்களுக்கு நடுவே ஆட்காட்டி உட்கார்ந்திருந்தது. மாட்டின் குளம்பு பட்டு ஒரு முட்டை உடைந்து கிடந்தது. மிச்சத்தை வயிற்றால் மூடியிருந்தது.

"தப்பு என்மேலதான் தங்கச்சி. வா, சொல்லித் தர்றேன்."

"வேண்டாம் அண்ணே. இனி யார்கிட்டயும் எதுவும் கேக்கறதா இல்லை." அதன் குரலில் கோபம்கூட இல்லை.

குருவி திரும்பி வந்து, விட்டுப்போன வரியைப் பாறையில் சேர்த்தது. அப்படியும் மனசு ஆறவில்லை. புதிதாக ஒரு கூட்டைத் தொடங்கி, கீழிருந்து பார்த்தாலே முடிச்சு தெரியும்படி பாதியில் நிறுத்தியது. என்றாவது ஆட்காட்டி இந்த வழியாக வந்தால், வாய்திறந்து கேட்காமலே பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஆட்காட்டி வரவில்லை. அன்று முதல்தான் அது வெறுந்தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடுகிறது. தூக்கணாங்குருவியும் முடிந்த கூட்டுக்குப் பக்கத்தில் முடிக்காத கூடுகளைத் தொங்கவிட்டுக்கொண்டே இருக்கிறது.