அவள் எட்டு வைக்கும் இடம்

"சரளையா, செங்கல்லா, கடப்பாக் கல்லா? நீங்கதான் சொல்லணும் சாமி."

வெளிக்கதவிலிருந்து வீட்டுப் படி வரை, தோட்டத்துக்கு நடுவே பாதை போட வேண்டும். இதற்குப் போய் ஒரு குருவா என்று கேட்காதீர்கள். தெய்வசிகாமணி அப்படிப்பட்ட ஆள்.

வீட்டுக்கு வந்திருந்த சாமி வயதில் சின்னவர். ஆனாலும் கும்பிடுவது என்னவோ தெய்வசிகாமணிதான்.

"யாருவேய் நடக்கப் போறது?"

"மங்கை."

மங்கை அவர் மனைவி. கோபித்துக்கொண்டு ஆலங்குளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனவள். ரெண்டு மழைக்காலம் போய்விட்டது. வரவில்லை.

"சேத்துல வழுக்குது, ஒரு பாதை போடுங்கன்னு நாயாக் கத்துனா சாமி. அப்போ காதுல விழல. இப்போ போட்டு வச்சா வருவான்னு ஒரு நப்பாசை."

"சரி, போடும்."

"சரளைன்னா அவ வர்ற சத்தம் உள்ளே கேக்கும். ஓடி வந்துருவேன். ஆனா வெறுங்காலு, குத்துமே! செங்கல்லு பாசி பிடிக்கும். கடப்பாக் கல்லு வெயில்ல சுடும்."

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"புல்லை விட்டுரும். நடுவுல தனித்தனியா கல்லைப் பதியும். அவ எட்டு வைக்கிற இடத்துல மட்டும் கல் இருந்தாப் போதும்."

அடடா, இது தோணாமல் போச்சே! தெய்வசிகாமணி துள்ளி எழுந்தார். தோட்டத்தில் கிடந்த கற்களைத் தூக்கி வந்து, வெளிக்கதவடியில் முதல் கல்லை வைத்தார். ஒரு எட்டு வைத்துப் பார்த்து இரண்டாவதை வைத்தார்.

"அது உம்ம எட்டுவேய். அவ எட்டு எம்புட்டு?"

கல்லைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார். யோசித்தார். தள்ளி வைத்தார். மறுபடியும் கிட்டே இழுத்தார். அப்புறம் கல்லை மடியில் வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னவேய், ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லையா?"

"கோயிலு, சந்தை, கல்யாண வீடு, எல்லாத்துக்கும் சேர்ந்துதான் போனோம்."

"பிறகு என்ன?"

"நான் முன்னால போவேன் சாமி. அவ பின்னால வருவா."

தெய்வசிகாமணி மடியிலிருந்த கல்லைத் தடவினார்.

"கொலுசுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். வாரான்னு தெரியும். திரும்பிப் பாத்ததே இல்ல. அவ எப்படி நடப்பான்னே எனக்குத் தெரியாது சாமி."

பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

சாமி அந்தக் கல்லை வாங்கி முருங்கை மரத்தடியில் வைத்தார். படியில் கிடந்த செருப்பைத் தன் கையால் எடுத்து வந்து, அவர் காலடியில் போட்டார்.

"ஐயோ சாமி, நீங்க போய்..."

"ஆலங்குளம் பஸ் வர்ற நேரம். போம். அண்ணன் வீட்டு வாசல்ல நில்லும். கடைக்கோ கோயிலுக்கோ அவ கிளம்புவால்லா? பின்னால நடந்துட்டு வாரும். கல்லு எங்கேயும் ஓடிப் போயிராது."

செருப்பை மாட்டியவர், கதவடியில் தயங்கி நின்றார்.

"அவ திரும்பிப் பாக்கலைன்னா சாமி?"

"பாக்காட்டி என்னவேய்? உம்ம பின்னால அவ நடக்கலையா?"