கீரைக்காரியின் கால்

குருபூஜை முடிந்து மூன்றாம் நாள், விழாக் குழுத் தலைவர் குலசேகரன் ஒரு தாளோடு மடத்துக்கு வந்தார். மடத்துத் தலைவி வடிவம்மையிடம் பன்னிரண்டு வருஷமாக உபதேசம் கேட்கிறவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர், அரிசி ஆலை முதலாளி. பணிவுக்கு ஒன்றும் குறைச்சலில்லை, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம். கூப்பிட்டவன் சோறு போடுவான். பார்த்து நடக்கிறது வந்தவங்க பொறுப்புதானே?"

கேள்வியைப் பாருங்கள்! நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பந்திக்குப் போகிற வழியை மறித்து, இவர் படம் போட்ட வரவேற்புப் பலகை இருபதடிக்கு நின்றது. சனம் வேறு வழியில்லாமல் சமையல் கொட்டகைக்குள் புகுந்து போனது. அங்கே அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, கஞ்சியைத் தரையில் வெட்டிய குழியில் விட்டுக்கொண்டிருந்தார்கள். "பலகையை நகர்த்துங்கய்யா, யாராவது வெந்து சாகப் போறாங்க" என்று சமையல்காரர் இரண்டு தடவை சொன்னார். இவர் காதில் ஏறவில்லை. கீரை விற்கிற பேச்சியம்மா கொதிக்கிற கஞ்சியில் கால் வைத்துவிட்டாள். இரண்டு பாதமும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தலையில் கூடையோடு தெருத் தெருவாக நடந்தால்தான் அவளுக்குப் பிழைப்பு.

"அது என்ன தாள்?" என்றார் வடிவம்மை.

"'என் கவனக்குறைவால் தவறி விழுந்தேன்'னு எழுதியிருக்கு. நாளைக்கு போலீஸ் விசாரிக்க வருது. அவ ஒரு கைநாட்டு வச்சுட்டா முடிஞ்சது. நீங்க சொன்னா வைப்பாம்மா."

"அவளை யார் கூப்பிட்டது?"

"நான்தான். வீடு வீடாப் போய் வெற்றிலை பாக்கு வச்சேன்."

"வெற்றிலை பாக்கு வச்சுக் கூப்பிட்டு, கஞ்சியில இறக்கி விட்டிருக்கீங்க."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? டிக்கெட்டா போட்டோம்? இலவசச் சோறு. கேஸ் நிக்காதுன்னு வக்கீலே சொல்றாரு."

"இலவசக் கஞ்சி சுடாதா?"

அந்த அம்மா கோபப்பட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் குரல் உயர்ந்தது.

"சோறு போட்ட புண்ணியம் உங்களுக்கு, வெந்த பாவம் அவளுக்கா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

தாளை வெடுக்கென்று வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். 'வழியை மறித்தது விழாக் குழு. பார்த்தும் சும்மா இருந்தது மடத்துத் தலைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை நீட்டினார்.

"ஐயோ அம்மா, நீங்க எதுக்கு?"

"நானும் அந்த வழியாத்தான் போனேன். பலகையையும் பார்த்தேன், அண்டாவையும் பார்த்தேன். எனக்கு மாலை போட ஆளுங்க நின்னாங்க. வாயை மூடிக்கிட்டுப் போயிட்டேன். போடுங்க கையெழுத்தை."

குலசேகரன் பேனாவைத் தொடவில்லை.

"போலீஸு, கோர்ட்டுன்னு நான் அலைஞ்சா, என் வீட்டை யாரும்மா பார்த்துக்குவா?"

"பேச்சியம்மாவும் மூணு நாளா அதையேதான் கேட்டுக்கிட்டுக் கிடக்கா."