போர்பன் சுவர்

கொத்தனார் கலவை பூசும் கரணை எவர்சில்வர் தட்டில் உரசும் சத்தத்தை வெகுகாலம் முன்பு ஒரு மாலையில் கேட்டேன். பல் கூசி அடங்கிய பிறகும் காதுக்குள் மெல்லக் கீறிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் கன்னியப்பனும் அவன் தம்பிகளும் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கன்னியப்பன், தசரதன், மாசிலாமணி மூவரும் கொத்தனார்கள். அவர்கள் கட்டிய சுவர் எதுவும் விழுந்ததில்லை. சொன்ன சொல்லை அவர்கள் தட்டியதுமில்லை. கஷ்டம் அங்கேதான் தொடங்கும். அதற்கு முந்தைய தை மாதத்தில் தங்கை காஞ்சனாவைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. "அவங்க உள்ளே வர்ற வரைக்கும் வாசலை விட்டு அசையாதீங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். மூவரும் தோளோடு தோள் ஒட்டி வாசலில் நின்றார்கள். வந்தவர்கள் வெயிலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

"உள்ளே வந்திருந்தா நகர்ந்திருப்போம்" என்றான் தசரதன்.

காஞ்சனாவுக்கு அந்த வீட்டை விட்டு எப்படியாவது போக வேண்டும். அடுத்த வரன் போளூரிலிருந்து வந்தது. சீமைக்காரர்கள் கண்டுபிடித்த, நடுவில் கிரீம் வைத்த போர்பன் பிஸ்கட்டில் பெரிய பொட்டலமாக வாங்கி வைத்தாள். "தட்டுல அழகா அடுக்கி வைங்க. சரியக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தலை பின்னப் போனாள்.

மாசிலாமணி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நீளமாக, கறுப்புக் கலந்த பழுப்பில், மேலே வரிசையாகத் துளைகள்.

"அண்ணே, சூளையில கொஞ்சம் அதிகமா வெந்துடுச்சு."

"நடுவுல கலவை வெச்சே அனுப்பியிருக்கான் பாரு" என்றான் தசரதன். "சீமைக்காரன் வேலை சுத்தம்."

"ரெண்டு கல்லுக்குத்தானே வெச்சிருக்கான்? மிச்சத்தை யார் பூசறது?"

கன்னியப்பன் மூத்தவன். "முதல்ல கல்லை நனைச்சீங்களாடா? நனைக்காத கல்லு கலவையைக் குடிச்சிடும்."

நனைத்தார்கள். இட்லி மாவைக் கலவையாக்கி, செங்கல் சுவர்போல மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் தட்டில் வரிசை ஏற்றினார்கள். தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்தார்கள். மயிரிழை கோணல் இல்லை.

மாப்பிள்ளை முனிரத்தினம் அம்மா மரகதத்தோடு வந்தார். பெண் பிடித்தால்தான் பெண் வீட்டுப் பலகாரத்தில் கை வைப்பது அவர்கள் வழக்கம். "பிடிச்சிருந்தா எடுத்துத் தின்னு. தின்னாம அந்த வீட்டை விட்டுக் கிளம்பாதே" என்று பஸ்ஸிலேயே மகனுக்குச் சொல்லியிருந்தாள் மரகதம்.

காஞ்சனா வந்து நின்றாள். முனிரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். உடனே தட்டை நோக்கிக் கை நீட்டினார்.

"மாப்பிள்ளே, கையை எடுங்க" என்றான் கன்னியப்பன். "ஈரம் காயலை."

"எப்பக் காயும்?"

"காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிக்கணும். அப்பத்தான் இறுகும்."

"தெளிச்சா மறுபடி ஈரமாயிடுமே?"

"ஆகும். காயற வரைக்கும் தெளிக்கணும்."

முனிரத்தினம் யோசித்துவிட்டு, "நியாயம்தான்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மகன் தின்னாததைப் பார்த்த மரகதம் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். காஞ்சனா தரையைப் பார்த்தாள்.

"கிளம்பலாமாடா?"

"நீ போம்மா. எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. தின்னாமக் கிளம்பக் கூடாதுன்னியே? காயட்டும், இருக்கேன்."

மரகதம் மகனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சுவரை. பிறகு அதன் பின்னால் பெருமையோடு நின்ற மூவரை. கடைசியில் காஞ்சனாவிடம் திரும்பினாள்.

"உனக்கு மூணா?"

"மூணு."

"எனக்கு இது ஒண்ணுதான்." "என்கூட வர்றியா?" என்றாள்.

"வர்றேன் அத்தை."

அந்த ஆவணியிலேயே, அடுத்த முகூர்த்தத்தில், தின்னாமல் மாப்பிள்ளை வெளியே வர முடியாததால், அந்தக் கூடத்திலேயே தாலி கட்டினார்கள். மறுநாள் மாமியாரும் மருமகளும் போளூர் பஸ் ஏறினார்கள். மாப்பிள்ளை மைத்துனர்களோடு தங்கி, சொம்பும் கையுமாகத் தண்ணீர் தெளித்தார். சில நாளில் சுவர் கூழாக உட்கார்ந்துவிட்டது. அஸ்திவாரம் போடாததுதான் குறை என்று நால்வரும் பேசி முடிவெடுத்தார்கள். மிச்சத்தை எறும்பு கொண்டுபோனது. வெறும் தட்டுக்கு மாப்பிள்ளை தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை.

காஞ்சனா போளூரில் தையற்கடை வைத்து, மாமியாரோடு கடைசிவரை நிம்மதியாக இருந்தாள்.